அத்தானின் முழங்காலும் பலெர்மோவின் பொன்கூரையும்

சிவமயம்

பலெர்மோ,
மாசிக் கடைசி ஞாயிறு.

பெருமதிப்புக்குரிய நாகபூசணி அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இருவருக்கும்,

தம்பி விக்னராஜா எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஞானம்பிகையும் மகள் ஜெனனியும், என் தும்மலையும் ஞானம்பிகையின் இடுப்பு நோவையும் ஜெனனியின் வாயையும் கழித்துப் பார்த்தால், நல்ல சுகம். அங்கே டோர்ட்முண்டில் நீங்கள் நால்வரும் எதையும் கழிக்காமலே சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் யாரடா கடிதம் எழுதுகிறான் என்று அத்தான் சிரிப்பார். என்ன செய்வது? போனில் நான் 'அக்கா' என்று தொடங்கினால் மிச்சத்தை நீங்களே கதைத்து முடித்து, 'சரி தம்பி, வைக்கிறன்' என்று வைத்துவிடுகிறீர்கள். தாளில் எழுதினால் இடையில் யாரும் வைக்க முடியாது.

முடிவான விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். பங்குனி நடுவில் நீங்கள் நால்வரும் இங்கே வருகிறீர்கள். நான்கு நாள் ஊர் பார்க்கிறீர்கள். ஐந்தாம் நாள் நாங்கள் மூவரும் பலெர்மோவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உங்களோடேயே விமானம் ஏறி, ஜெர்மனிக்குக் குடிவருகிறோம். அத்தான் தன் வேலையிடத்தில் எனக்காகச் சொல்லி வைத்திருக்கிறார், உங்கள் மேல்மாடி அறைகள் வெள்ளையடித்து ஆயத்தமாக இருக்கின்றன, இத்தாலியப் பாஸ்போர்ட் எங்கள் கையில் இருக்கிறது. கூடப்பிறந்த நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் சோறு தின்று எவ்வளவு காலம் அக்கா! ஞானம்பிகையும் இதைத்தான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அல்பெர்கேரியாவில் எங்கள் வீடு நாலாம் மாடியில், லிப்ட் இல்லை, கீழே பல்லாரோச் சந்தைக்காரர் விடியும் முன்பே தொண்டையைத் திறந்துவிடுவார்கள், மழை பெய்தால் சுவர் வியர்க்கும். "உங்கடை அக்கா வீட்டிலை சுவர் சூடாம், இஞ்சை சுவர் அழுகுது" என்பாள். ஜெனனி மட்டும்தான் எதிர்க்கட்சி. "நீங்கள் போங்கோ, நான் வரேல்லை" என்று சொல்லிக் கதவை அடித்துச் சாத்திவிட்டாள். பிள்ளைதானே, விமானம் ஏறினால் சரியாகிவிடும் என்று நானும் ஞானம்பிகையும் பேசிக்கொண்டோம்.

இனி உங்கள் கேள்விகள். பங்குனியில் இங்கே குளிர் விட்டுவிடுமா, என்ன உடுப்புக் கொண்டுவருவது என்று கேட்டிருந்தீர்கள். பலெர்மோக் குளிரை ஜெர்மன் அறிவால் விளங்கிக்கொள்ள முடியாது. உங்களுக்குக் குளிர் தெருவில் இருக்கிறது, வீட்டுக்குள் சூடு. எங்களுக்குத் தெருவில் வெயில், குளிர் முழுவதும் வீட்டுக்குள் குடியிருக்கிறது. ஆகையால் வெளியே போகும்போது கோட்டைக் கழற்றுங்கள், உள்ளே வரும்போது போட்டுக்கொள்ளுங்கள். இப்போதே பாதாம் மரங்கள் பூத்துவிட்டன. ஆனால் இந்தப் பருவத்தில் சிரோக்கோ என்று ஒரு காற்று தெற்கிலிருந்து வரும். சகாராப் பாலைவனத்தின் செம்மண்ணைக் கடல் தாண்டி அள்ளிக்கொண்டு வந்து ஊர் முழுவதும் கொட்டிவிட்டு, மேலே கொஞ்சம் மழையும் தூவிவிட்டுப் போகும். குடை கொண்டு வாருங்கள், வெள்ளைக் குடை மட்டும் வேண்டாம்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை இந்த மாதம் முழுவதும் ஆட்டி வைத்தது. 'இருபது வருஷத்துக்கு மேலை இருக்கிறாய், என்னென்ன பாக்கிறது எண்டு நீதான் எங்களுக்குக் காட்டவேணும்' என்று சொல்லியிருந்தீர்கள். அக்கா, எனக்கு இந்த ஊர் நன்றாகத் தெரியும். எந்த வீட்டு யன்னல் இறுகும், எந்தப் படிக்கட்டுச் சலவைக்கல்லில் வினாகிரி பட்டால் கறை பிடிக்கும், எந்த வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாவின் நாய் கடிக்கும், எல்லாம் தெரியும். ஆனால் பார்க்கிற ஊர் என்று ஒன்று இருக்கிறதே, அதை நான் பார்க்கவே இல்லை. எங்களைப் போன்ற வீட்டுவேலைக்காரருக்கு இங்கே ஓய்வு வியாழன் பின்னேரமும் ஞாயிறும். வியாழன் துணி தோய்க்கவும் நித்திரை கொள்ளவும் போய்விடும். ஞாயிறென்றால் கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, செத்தவருக்கு அந்தியேட்டி, இவற்றில் ஒன்று கட்டாயம் இருக்கும். இதில் கோபுரம் பார்க்க எங்கே நேரம்?

சரி, தெரிந்தவர்களைக் கேட்போம் என்று புறப்பட்டேன். மன்னார்ச் சுவாம்பிள்ளை அண்ணை எனக்கு முன்பே வந்தவர், ஊர்ப் பெரியவர். விருந்தாளிகளுக்கு எதை முதலில் காட்டலாம் என்று கேட்டதும் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "கொஸ்தூரா" என்றார். விசாவுக்கு வரிசையில் நிற்கும் பொலிஸ் கந்தோர் அது. "அண்ணை, அக்கா ஆக்கள் ஊர் பாக்க வருகினம்" என்றேன். "அதுதானே தம்பி, எங்களிலை எல்லாரும் முதல் பாத்த இடம் அதுதானே" என்றார். நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரைக் கேட்டால், பலெர்மோவில் பார்க்க என்ன இருக்கிறது, பேசாமல் மிலானுக்குக் கூட்டிக்கொண்டு போ என்கிறார். கடைசியில் வீட்டு எதிர்க்கட்சியிடமே போனேன். ஜெனனி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நான் பிறக்க முதலே வந்தனீங்கள். ஒரு கியேசாவுக்குள்ளை, ஒரு பலாஸோவுக்குள்ளை போகேல்லையா? வெர்கோஞ்ஞா, அப்பா!" என்றாள். தேவாலயம், அரண்மனை ஒன்றும் பார்க்காததற்கு வெட்கமில்லையா என்று கேட்கிறாள். ஆனாலும் போனை எடுத்து, உங்களுக்கான நான்கு நாள் திட்டத்தை அவளே போட்டுத் தந்தாள். போக மாட்டேன் என்கிற பிள்ளை ஏன் இவ்வளவு கரிசனையாகத் திட்டம் போட்டாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தேன். முக்கியமான பிரச்சினை அத்தானின் முழங்கால். இந்த ஊரின் கற்தெருக்களை அந்த முழங்கால் தாங்குமா? இதை அறிய ஒரே வழி, நானே அத்தானாக நடந்து பார்ப்பதுதான். ஒரு வியாழன் பின்னேரம் ஞானம்பிகையை அக்காவாக வைத்துக்கொண்டு, நான் வலது காலை இழுத்து இழுத்து, இடுப்பில் கையூன்றி, அத்தான் மாதிரியே 'ஸ்ஸ்' என்று சத்தம் போட்டபடி பல்லாரோவிலிருந்து வுச்சீரியாச் சந்தை வரை நடந்தேன். கால் தாங்கியது. ஊர்தான் தாங்கவில்லை. சந்தையில் எங்களுக்கு ஒவ்வொரு கிழமையும் மரக்கறி தரும் சிஞ்ஞோரா கொஞ்செத்தா கூனைப்பூக் குவியலுக்குப் பின்னாலிருந்து, "ராஜா! காலுக்கு என்ன?" என்று கத்தினாள். நடிப்பு என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன் மீன்காரர் கதிரை கொண்டுவந்து போட்டார். ஒலிவ் விற்பவர் ஒரு போத்தல் எண்ணெயைக் கொடுத்து, இரவில் தேய்த்துவிட்டுக் கம்பளி சுற்றச் சொன்னார். யாரோ தன் மாமனார் விட்டுப்போன ஊன்றுகோலைக் கொண்டுவந்து என் கக்கத்தில் செருகினார்கள். இத்தனை பேர் இரக்கப்பட்ட பிறகு நேராக எழுந்து நடக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து பல்லாரோவைக் கடக்கும்போதெல்லாம் நான் நொண்டவேண்டியதாகிவிட்டது. காலையில் அவசரமாக வேலைக்கு ஓடும்போது இது எவ்வளவு சிரமம் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது ஒத்திகை போன வியாழன் நடந்தது. அக்கா, இதை நீங்கள் இருந்து வாசியுங்கள்.

திட்டத்தில் முதல் நாள், முதல் இடம், ஒரு பழைய மாளிகையோடு ஒட்டிய பொன் தேவாலயம். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை, ஒரு நல்ல மனிசியின் வேலைக்கு என்னால் ஆபத்து வரக்கூடாது. ஞானம்பிகை கலியாண வீட்டுக்குக் கட்டும் நீலச் சேலையைக் கட்டி, மேலே கோட்டுப் போட்டு வந்தாள். முந்திய இரவு சிரோக்கோ அடித்து ஊரே செம்மண் பூசிக் கிடந்தது. மாளிகையின் முன்புறம் அகலமான படிகள், யானை நுழையக்கூடிய கதவு. ஆனால் என் கால்கள் அந்தப் பக்கம் போகவில்லை. இந்த ஊரில் எந்தப் பெரிய வீட்டுக்கும் நான் முன்வாசலால் ஏறியதில்லை. வேலைக்காரருக்கென்று பக்கத்தில் ஒரு கதவு இருக்கும், அதுதான் எங்கள் கால்களுக்குப் பழக்கம். கால்கள் தம்பாட்டில் சுவரோடு சுற்றிப் போய், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவின் முன்னே நின்றன. கை தன்பாட்டில் மணியை அழுத்தியது. ஞானம்பிகையும் ஏன் இதால் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கதவைத் திறந்தவள் நீல மேலங்கியும் இடுப்பில் திறப்புச் சாவிக் கோர்வையுமாக ஒரு பருத்த மனிசி. எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, "கடைசியில் வந்தீர்களா! இரண்டு சிலோன்காரர் வருவார்கள் என்று மத்தியானமே சொன்னார்களே!" என்றாள். தூசி படிந்ததால் அன்று பின்னேரம் தேவாலயம் பூட்டு, பார்வையாளருக்கு அனுமதி இல்லை, துப்புரவுக்கு ஒரு ஏஜென்சியிடம் மேலதிகமாக ஆள் கேட்டிருந்தார்களாம். நாங்களே பார்வையாளர்தான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் கையில் மொப்பைத் தந்துவிட்டாள். கையில் மொப் வந்தால் என் வாய் மூடிக்கொள்ளும், இத்தனை வருடத் தொழிலில் பிடித்த வியாதி அது. ஞானம்பிகை பேசாமல் கோட்டை மடித்து வைத்து, கலியாணச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாமி இருக்கிற இடம் என்று சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நானும் கழற்றினேன். வெறுங்காலோடு நின்ற எங்களைப் பார்த்து அந்த மனிசி, "முதன்முறையாக ஏஜென்சி புத்தியுள்ள ஆட்களை அனுப்பியிருக்கிறது" என்றாள்.

உள்ளே இருட்டு. ஒரு மூலையில் மட்டும் ஒரு சின்ன விளக்கு. நாங்கள் தலையைக் குனிந்து நிலத்தைத் துடைத்துக்கொண்டு போனோம். தரையே அதிசயம் அக்கா, சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கற்களைச் சேர்த்துச் சக்கரமும் நட்சத்திரமும் செய்திருந்தார்கள். "கோலம் போலை கிடக்கு, மிதிக்க மனம் வரேல்லை" என்று ஞானம்பிகை மெதுவாகச் சொன்னாள். அப்போதுதான் அந்த மனிசி, தூசி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய விளக்கைப் போட்டாள்.

எப்படி எழுதுவது? சுவரைக் காணவில்லை, கூரையைக் காணவில்லை, எல்லாம் பொன். விரல் நுனியளவு பொற்கற்களால் மேலிருந்து கீழ்வரை ஆட்களும் மரங்களும் பறவைகளும் ஒரு கடலும் செய்து வைத்திருக்கிறார்கள். உச்சியில் ஒரு முகம், பெரிய கண்கள், நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் என்னையே பார்க்கிறது. எனக்கு முதலில் வந்த எண்ணம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 'இதையெல்லாம் எந்த ஏணி வைத்து ஆர் தூசி தட்டுவது?' என்பதுதான். பிறகு அந்த எண்ணமும் போய்விட்டது. வாயைத் திறந்தபடி நின்றேன். கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பிரமிப்பு என்ற சொல்லை இதுவரை எங்கெங்கோ வீணாக்கியிருக்கிறேன், அதற்குரிய இடம் இதுதான்.

திரும்பிப் பார்த்தால் ஞானம்பிகை ஈரத் தரையில், கலியாணச் சேலையோடு, அப்படியே இருந்துவிட்டாள். "இஞ்சருங்கோ," என்றாள். "இது எங்கடை வீட்டிலை இருந்து நடந்து வாற தூரம்." "ஓம்" என்றேன். "நான் எத்தினை தரம் இந்த மதிலோடை மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பன். ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே." அந்த மனிசி எங்களை அவசரப்படுத்தவில்லை. தானும் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று, வடக்கிலிருந்து வந்த அரசன் சொல்ல, கிழக்கிலிருந்து வந்தவர்கள் கல் ஒட்ட, தெற்கிலிருந்து வந்த தச்சர்கள் கூரை வேய்ந்தார்கள் என்றும், கட்டியவர்களில் பாதிப் பேர் வெளியூரார் என்றும் சொன்னாள். ஏதோ தன் வீட்டுக் கொல்லையைக் காட்டுவது போலச் சொன்னாள்.

அந்த நேரம் பின்கதவு மணி அடித்தது. உள்ளே வந்தவர்கள் உண்மையான துப்புரவுக்காரர், இங்குள்ள எங்கள் தமிழ்ப் பையன் பீலிக்ஸும் அவன் மனைவி விமலராணியும். என்னைக் கண்டதும் பீலிக்ஸ், "அண்ணை! நீங்கள் எப்ப எங்கடை ஏஜென்சியிலை சேந்தனீங்கள்?" என்றான். அந்த மனிசி எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் மொப்பைக் கட்டிப் பிடித்தபடி உண்மையைச் சொன்னேன், நாங்கள் வேலைக்கு வரவில்லை, பார்க்கத்தான் வந்தோம். "பார்க்க வருகிறவர் பின்கதவாலா வருவது? முன்வாசல் தெரியாதா?" என்றாள். "தெரியும் சிஞ்ஞோரா, பழக்கமில்லை" என்றேன். அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு இடுப்புத் திறப்புகள் குலுங்கச் சிரித்தாள். நால்வருமாகச் சேர்ந்து மிச்சத்தைத் துடைத்து முடித்தோம், ஞானம்பிகை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் அந்தப் பெரிய கண்களுக்குக் கீழே உள்ள இடத்தைத் தானே துடைத்தாள். வேலை முடிந்ததும் அந்த மனிசி விளக்கை அணைக்காமல், வேண்டியமட்டும் பாருங்கள் என்று எங்களை வாங்கில்களில் இருத்தினாள். போகும் நேரம் வந்ததும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்கதவுக்குப் போன என்னைக் கையைப் பிடித்துத் திருப்பி, அந்த யானைக் கதவின் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து, "இதால் போங்கள்" என்றாள். அக்கா, முன்வாசலால் அந்த அகலப் படிகளில் இறங்கியபோது எனக்கு உண்மையிலேயே கால் நடுங்கியது.

அந்த மயக்கத்தில் பல்லாரோவுக்குள் நொண்டாமல் நுழைந்துவிட்டேன். சிஞ்ஞோரா கொஞ்செத்தா முதலில் கண்டாள். "ராஜா நடக்கிறான்!" என்ற அலறல் சந்தை முழுவதும் கேட்டது. எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டார்கள். தேவாலயத்திலிருந்து என்றேன், அது உண்மைதானே. மீன்காரர் தொப்பியைக் கழற்றினார், கிழவிகள் சிலுவை போட்டார்கள், எந்தப் புனிதர், எந்தப் புனிதர் என்று கேட்டு என் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு சைவக்காரனின் முழங்கால் இப்படியொரு மரியாதையை எங்கும் கண்டிருக்காது. அத்தான் இங்கே வரும்போது தயவுசெய்து அந்தப் பக்கம் நொண்ட வேண்டாம், ஒரே குடும்பத்தில் இரண்டு அற்புதத்துக்கு நான் எங்கே போவேன்?

ஆகவே புதிய திட்டம் இது. முதல் நாள் அந்தப் பொன்கூரை, முன்வாசலால். இரண்டாம் நாளும் அதுதான், ஏனென்றால் முதல் நாள் ஒன்றும் கண்ணில் ஏறாது. மூன்றாம் நாள், இதைப் போல இன்னும் சில இருக்கின்றனவாம், அவற்றை நாங்களும் உங்களோடு முதன்முதலாகப் பார்க்கிறோம். நான்காம் நாள் அத்தானுக்காகப் பஸ்ஸில் பெலெக்ரீனோ மலையேறிச் சாந்தா ரொசாலியாத் தாயாரைக் கும்பிடலாம், சைவமென்றும் கிறிஸ்தவ வேதமென்றும் பார்க்காமல் இங்குள்ள தமிழர் எல்லாரும் ஏறுவார்கள். ஐந்தாம் நாள் விமானம். பயண ஆயத்தம் எப்படிப் போகிறது என்று அத்தான் கேட்பார். சிறப்பாகப் போகிறது. சிஞ்ஞோராவிடம் வேலையை விடுவதாக இன்னும் சொல்லவில்லை. திங்கள் சொல்லலாம் என்றிருந்தேன், பஞ்சாங்கத்தில் அட்டமி. செவ்வாய் நவமி. புதன் நல்ல நாள்தான், ஆனால் அன்று அவர் நல்ல மனநிலையில் இருந்தார், அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். பெட்டிகள் கட்டிலுக்கு மேலே தயாராக, வெறுமையாக இருக்கின்றன. ஞானம்பிகை நேற்று யன்னல்களுக்குப் புதுத் திரைச்சீலை வாங்கித் தைத்தாள். "அக்கா ஆக்கள் வரேக்கை வடிவா இருக்கட்டும்" என்றாள். பல்கனியில் ஒரு எலுமிச்சங்கன்றும் சட்டியில் வந்து நிற்கிறது. காய்க்கச் சில வருடம் எடுக்கும் என்று விற்றவர் சொன்னாராம். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயம்.

அக்காவின் ஆசியைத் தலைவணங்கிக் கேட்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம், முழங்காலுக்குத் தனியாக ஒரு வணக்கம். பிள்ளைகளுக்கு மாமாவின் ஆயிரம் முத்தமும் நீண்ட ஆயுளும். அன்னை ரொசாலியாவும் நல்லூரானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உங்களைப் பத்திரமாக இறக்கிவைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களோடு வந்து வாழக் காத்திருக்கும்
அன்புத் தம்பி விக்னராஜா

பின்குறிப்பு: உறையில் போடும் முன், பிழை ஏதும் இருக்கிறதா என்று ஞானம்பிகையிடம் இதை வாசிக்கக் கொடுத்தேன். முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள், முழங்கால் இடத்தில் சிரித்தாள், பிறகு தாளை மடித்து மடியில் வைத்தாள். "இதை வாசிக்கிற ஆருக்கும் விளங்கும், நாங்கள் ஜெர்மனிக்குப் போகேல்லை எண்டு. எழுதின உங்களுக்குத்தான் இன்னும் விளங்கேல்லை" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அறைக்குள்ளிருந்து ஜெனனி ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், கதவோடு காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அக்கா, எங்களுக்கு டிக்கெட் போட வேண்டாம். மேல்மாடி அறைகளை வேறு யாருக்காவது கொடுங்கள், அத்தானின் வேலையிடத்தில் என் பெயரை வெட்டச் சொல்லுங்கள். உங்களோடு ஒரே வீட்டில் இருக்க எனக்கு ஆசையில்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஆனால் நீங்கள் வா என்று கூப்பிட்டிராவிட்டால், நான் இந்த ஊரைப் பார்க்காமலே செத்துப் போயிருப்பேன். வாருங்கள். என்மேல் கோபத்தோடு வந்தாலும் சரி, விமான நிலையத்திலிருந்து நேரே அங்கேதான் கூட்டிப்போவேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒருவராலும் கோபமாக இருக்க முடியாது.